சரியாகிவிட்டது, நன்றி

புளியங்குடியில் அன்றைய எலுமிச்சை ஏலம் முடிந்து, மூட்டையெல்லாம் லாரியில் ஏறி, மார்க்கெட் வாசலில் நசுங்கிக் கிடந்த பழங்களைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கோமதிநாயகம் வைத்திருந்த டிடிபி கடையில், கம்ப்யூட்டர் திரையிலிருந்து முதல் பெட்டி டொக்கென்று கீபோர்டு மேல் விழுந்தது. கறுப்பு விளிம்பு, வெள்ளை உடம்பு, உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்து நாற்காலியில் ஜெராக்ஸ் தாளை எண்ணிக்கொண்டிருந்த அவர் மனைவி ஆவுடையம்மாள் அதை எடுத்து, ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, இதுக்கு மூடி இருக்கா என்பதுதான். மூடி இருந்தது.

விஷயம் என்னவென்றால், கோமதிநாயகம் கடையில் இருந்த மூன்று கம்ப்யூட்டரும் பழசு. ஊரில் இருக்கிற வேறெந்த மென்பொருளைப் போட்டாலும் மூச்சு வாங்கும். அதனால் அவர் துளி என்று ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். துளியில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது, பின்னால் மலையும் அருவியும் கிடையாது. திரைக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை, அதில் மணி என்ன, தேதி என்ன, எந்த வேலை திறந்திருக்கிறது என்று எழுத்தில் போட்டிருக்கும், மொத்தமே அவ்வளவுதான். அலங்காரம் ஆகாது என்கிற மனுஷர்கள் நாலு ஊரிலிருந்து சேர்ந்து, சம்பளம் வாங்காமல், சண்டை மட்டும் போட்டுக்கொண்டு செய்த மென்பொருள் அது. அதன் புதுப் பதிப்பு முந்தின நாள் வந்தது. கோமதிநாயகம் காலையில் அதை ஏற்றினார், ஏற்றியதுதான் தாமதம், தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறியது, மாறிய கட்டம் நிற்க இடமில்லாமல் கீழே விழ ஆரம்பித்தது.

எழுத்து கட்டமாகத் தெரிவது இந்தத் தொழிலில் புதுசில்லை. எழுத்துரு சரியாக அமையாவிட்டால் திரை என்ன செய்யும் பாவம், தெரியாத எழுத்துக்குப் பதில் ஒரு காலிக் கட்டத்தைப் போட்டு வைக்கும். அது விழுவதுதான் புதுசு. தமிழ் மட்டும்தான் விழுந்தது. இங்கிலீஷ் எழுத்து, எண், கமா, முற்றுப்புள்ளி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எழுத்து என்ன அளவோ பெட்டியும் அதே அளவு. பட்டையிலிருந்த பத்து பாயிண்ட் எழுத்து ஒரு மிளகு கொள்ளும் பெட்டியாக விழுந்தது, பதினெட்டு பாயிண்ட் ஒரு மூக்குத்தி கொள்ளும், போஸ்டர் தலைப்புக்குப் போடுகிற எழுபத்திரண்டு பாயிண்டில் ஒரு வேளைக்கான மூக்குப்பொடியே கொள்ளும்.

சும்மா சொல்லக் கூடாது, ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. நகைக்கடைத் தெரு வடிவேல் ஆசாரி வந்து பதினெட்டு பாயிண்டில் ஒரு படி அள்ளிக்கொண்டு போனார். சித்த மருந்துக்கடைக்காரர் சூரணத்துக்குப் பன்னிரண்டு பாயிண்ட்தான் அளவு என்று கண்டுபிடித்தார். பூக்காரி ஒருத்தி, அதுவரைக்கும் கம்ப்யூட்டரை ஏறிட்டுப் பார்த்திராதவள், கடை வாசலில் நின்று, அண்ணாச்சி, முப்பத்தாறு பாயிண்ட் தடிமன் எழுத்துல விழுந்தா எனக்கு எடுத்து வைங்க, சாதா எழுத்து ஓரம் நசுங்குது என்று சொல்லிவிட்டுப் போனாள். காதுகுத்துக்கு அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்திருந்த ஒரு வீட்டாருக்கு அழைப்பிதழ் முழுவதும் பெட்டியாக விழுந்துவிட, அவர்கள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் வீட்டுக்கு ஒரு பெட்டி, உள்ளே ரெண்டு கல்கண்டு என்று கொடுத்து, தேதியை வாயால் சொல்லிவிட்டு வந்தார்கள். அழைப்பிதழ் அடித்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட ரெண்டு பந்தி அதிகம் போனது.

கோமதிநாயகத்துக்குத்தான் சிரிக்க முடியவில்லை. அவர் கவலை ஊரில் இல்லை, மடற்குழுவில் இருந்தது.

துளியைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று ஒரு மடற்குழு உண்டு. ஒருத்தர் மின்னஞ்சல் போட்டால் எல்லோருக்கும் போகும், யாருக்குத் தெரியுமோ அவர் பதில் போடுவார், போட்டதெல்லாம் பெட்டகத்தில் சேர்ந்து கிடக்கும். பெட்டகம் என்றால் பதினெட்டு வருஷத்து மடல்கள், பதினோராயிரம். கொக்குவிலில் இருக்கிற தயாளினி அக்காதான் குழுவில் யார் என்ன எழுதலாம் என்று பார்த்துக்கொள்கிற மட்டுறுத்துநர். உள்ளூர் நூலகத்தில் வேலை பார்க்கிறவர், பெட்டகத்தையும் நூலகமாகத்தான் நடத்தினார். நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த குழுவில் பேசுகிறவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கும் சண்டை வராத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: யாருக்காவது ஒரு பிரச்சினை தீர்ந்தால், எப்படித் தீர்ந்தது என்று எழுதியே ஆக வேண்டும். சரியாகிவிட்டது, நன்றி என்று மட்டும் எழுதிவிட்டு ஓடுவதைப் போல ஒரு பாவம் அந்தக் குழுவில் கிடையாது. ஏனென்றால் ஐந்து வருஷம் கழித்து அதே பிரச்சினையோடு ஒருத்தன் பெட்டகத்தைத் தேடி வருவான், தன் கேள்வியையே வேறொருத்தன் கேட்டிருப்பதைப் பார்த்து நாற்காலி நுனிக்கு வருவான், கீழே போனால் அங்கே சரியாகிவிட்டது, நன்றி என்று இருக்கும். அப்போது அவன் வாயில் வருகிற வார்த்தையை இங்கே எழுத முடியாது.

இந்தப் பாவத்தைச் செய்கிறவர்களை மடக்கிப் பிடிக்கிற பொறுப்பு கோமதிநாயகத்துடையது. தயாளினி அக்கா பத்து வருஷத்துக்கு முன்னால் கொடுத்தது. அவர் அதைச் சாமி காரியமாகச் செய்தார். ஒரு புது ஆள் நன்றி என்று எழுதிய அரை மணி நேரத்தில் மூன்று பத்திக்கு மடல் போகும். பொது அறிவு என்றால் என்ன, அடுத்தவன் நேரம் என்றால் என்ன, பெட்டகம் எதற்கு இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டு, எப்படித் தீர்ந்தது என்பதை விளக்கும்படி முடியும். குழுவில் அவருக்குச் சுங்கச்சாவடி என்று பேர். அவருக்கும் அந்தப் பேர் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது பெட்டி விழ ஆரம்பித்ததும் ஒன்பது பேரும் என்ன செய்தார்கள்? அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார்கள். முன்பே யாராவது கேட்டிருப்பார்கள் என்று பெட்டகத்தில் தேடினார்கள். கேள்வி கேட்கும் முன் பெட்டகத்தைத் தேடு என்பதுதான் குழுவின் முதல் விதி, அதில் ஊறிப்போன ஆட்கள். ஆனால் திறந்த ஒவ்வொரு மடலிலிருந்தும் தமிழ் எழுத்து உதிர்ந்து, திறந்தவர் மேசையில் பெட்டியாக விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், பெட்டகத்தில் அந்த மடல் எல்லோருக்கும் வெறுமையாகிப் போனது. ஒட்டாவாவில் ஒருத்தர் வீட்டில் குளிர்கால ஷூ நிறையப் பெட்டி. சேலத்துக்காரர் மூன்று அரிசிச் சாக்கு நிரப்பினார். மருந்தைத் தேடத் தேட மருந்துப் புத்தகமே கரைந்துகொண்டிருந்தது. மூவாயிரம் மடல் போன பிறகுதான் தயாளினி அக்கா விழித்துக்கொண்டு, இனி ஒருத்தரும் ஒரு பழைய மடலையும் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்டார். அதையும் தமிழில் எழுத வழியில்லாமல், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதித்தான் போட வேண்டியிருந்தது. அப்படி எழுதுவது குழுவில் இரண்டாவது பெரிய பாவம். அன்றைக்கு யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இன்னொன்றும் தெரிய வந்தது. பெட்டியைத் திறந்தால் எல்லோருக்கும் காலியாகத்தான் தெரியும், ஆனால் அந்த எழுத்தை முதலில் எழுதியவர் கையால் திறந்தால் எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கும். சேலத்துக்காரர் தன் பழைய மடலொன்றின் பெட்டிகளைத் திறந்து, எழுத்தை ஒவ்வொன்றாகத் தாளில் கவிழ்த்து, தான் எழுதியதைத் தானே படித்து, இவ்வளவு மோசமாகவா எழுதினேன் என்று குழுவில் வருத்தப்பட்டார். அப்போ அவரவர் பெட்டியை அவரவருக்குத் தபாலில் அனுப்பினால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க எல்லோரும் குஷியாக இருந்தார்கள். அப்புறம்தான் யாரோ ஈப்போ நாச்சியப்பனைப் பற்றிக் கேட்டார்கள்.

நாச்சியப்பன் ஈப்போவில் மிதிவண்டிக் கடை வைத்திருந்தவர். குழுவில் நாலாயிரம் பதில் அவர் எழுதியது. ஒன்றிலும் கோபம் இருக்காது, ஒன்றிலும் அவசரம் இருக்காது, ஒரே கேள்வியை ஏழாவது தடவை கேட்டவனுக்கும் முதல் தடவை கேட்டவனுக்குச் சொன்ன மாதிரியே சொல்வார். மூன்று வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். உதிர்ந்த மூவாயிரத்தில் அவருடையது பாதிக்கு மேல். அந்தப் பெட்டிகளைத் திறக்க இனி உலகத்தில் கை கிடையாது. எழுத்துருக் கோளாறைச் சரி செய்து, எழுத்துகளைத் தாமாகவே வீடு திரும்ப வைத்தால்தான் உண்டு.

இந்த இடத்தில்தான் கோமதிநாயகத்துக்கு வியர்த்தது. ஏனென்றால் அந்தக் கோளாறுக்கு மருந்து கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், எலுமிச்சை என்ற புனைபெயரில், தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது, யாராவது உதவுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். அப்போது கட்டம் திரையிலேயே நின்றது, விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று மணி நேரம் கழித்து அவரே இன்னொரு மடல் எழுதினார். அதில் இரண்டே வாக்கியம் இருந்தது: சரியாகிவிட்டது. நன்றி.

ஆமாம், சுங்கச்சாவடிதான். அந்தப் பெட்டகத்தில் அந்தப் பாவத்தை முதன்முதலில் செய்தவரே அவர்தான். அதற்கப்புறம் எலுமிச்சையைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, சொந்தப் பேரில் புதிதாகச் சேர்ந்து, ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். எப்படிச் சரியானது என்று இப்போது யோசித்துப் பார்த்தால், சத்தியமாக ஞாபகமில்லை.

மனுஷன் பயத்தில் என்ன செய்வான்? சாட்சியை அழிப்பான். தயாளினி அக்காவின் கட்டளை வந்த மறுநாள் காலையில், ஆவுடையம்மாள் பால் வாங்கப் போயிருந்த நேரம், கோமதிநாயகம் கடைக் கதவை அரைவாசி சாத்திவிட்டு, அந்தப் பழைய கேள்வியும் அதற்கு வந்த மடல்களும் கோத்துக் கிடந்த இழையைத் திறந்தார். முதலில் அவருடைய கேள்வி விழுந்தது. அப்புறம் சரியாகிவிட்டது, நன்றி, பதினோரு பெட்டி. திரையில் இங்கிலீஷில் இருந்த தேதியும் ரெண்டு முற்றுப்புள்ளியும் மட்டும் மிச்சம். அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள் இன்னும் பெட்டிகள் விழுந்தன. அந்த இழையில் மூன்றாவதாக ஒரு மடல் இருந்ததை அவர் மறந்தே போயிருந்தார். நாச்சியப்பன் எழுதியது அது. எப்படிச் சரியானது என்று எழுதினால் அடுத்து வருகிறவருக்கு உதவும், நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள் என்று ஒரு வரி. பதினான்கு வருஷமாகப் பதில் இல்லாமல் கிடந்த வரி, இப்போது அவர் மடியில் விழுந்து கிடந்தது.

தன் பதினோரு பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒருவேளை அன்றைக்கு நினைத்தது, செய்தது ஏதாவது எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று ஒரு நப்பாசை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எழுத்து இருந்தது, சரியாகிவிட்டது, நன்றி என்பதற்கு மேல் ஒரு துணைக்கால்கூட இல்லை. எழுதாத எழுத்து எந்தப் பெட்டியிலும் இருக்காது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாச்சியப்பன் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் காலி. மனுஷர் அழுதுவிட்டார்.

பாலோடு வந்த ஆவுடையம்மாள் பார்த்தபோது, மேசை மேல் நாச்சியப்பன் பெட்டியெல்லாம் ஊறுகாய் பாட்டிலில் பத்திரமாக, கோமதிநாயகத்துடையது எல்லாம் குப்பைக்கூடையில். எதற்கு இந்தப் பாகுபாடு என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். எலுமிச்சை, பொய்ப்பேர், மூன்று பத்தித் திட்டு, நாச்சியப்பன் கேள்வி, சாட்சியை அழித்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் பாலை அடுப்பில் வைத்து, காய்ச்சி, ஆற்றி, காப்பி கலந்து கையில் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஊருல உள்ளவனையெல்லாம் வெரட்டி வெரட்டிக் கேட்டீங்கள்லா, எப்படி எப்படின்னு. ஒரு நாளாவது உங்களைக் கேட்டீங்களா? மொதல்ல இதை அப்படியே எழுதிப் போடுங்க."

அவர் எழுதிப் போட்டார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதும் அவமானத்தோடு, எலுமிச்சை நான்தான், எப்படிச் சரியானது என்று அன்றும் எழுதவில்லை, இன்றும் தெரியவில்லை, இன்று காலை நாச்சியப்பன் ஐயாவின் கேள்வியையும் உதிர்த்துவிட்டேன், பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். திட்டு வரும், மூன்று பத்திக்குக் குறையாமல் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

வந்தது வேறு. சேலத்துக்காரர், ஒலி வராத பிரச்சினைக்கு நானும் ஒரு தடவை அப்படி எழுதிவிட்டு ஓடியிருக்கிறேன், வேறு பேரில் என்று எழுதினார். ஒட்டாவாக்காரர் தான் ரெண்டு தடவை என்றார், ரெண்டு பேரில். மதியத்துக்குள் ஒன்பதில் எட்டுப் பேர் ஒப்புக்கொண்டு, எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பதினேழு பொய்ப்பேர் என்று கணக்கு வந்து, குழுவே கொஞ்ச நேரம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியாகத் தயாளினி அக்காவின் மடல் வந்தது.

"தம்பி, எலுமிச்சை நீங்கள்தான் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். சேரேக்க ரெண்டு பேருக்கும் ஒரே தொலைபேசி எண்ணைத்தானே குடுத்தனீங்கள். வெக்கப்படத் தெரிஞ்ச ஆள்தான் இந்த வேலையை விடாமல் செய்யும் எண்டுதான் அதை உங்களிட்டத் தந்தனான். பொறுப்பெல்லாம் விடேலாது. நாச்சியப்பன் அண்ணைக்குப் பதில் எழுதுற வழியைப் பாருங்கோ."

கோமதிநாயகம் அதை மூன்று தடவை படித்தார். ஆவுடையம்மாளுக்கும் படித்துக் காட்டினார். அவள் அதை அரைக் காதால் கேட்டுக்கொண்டே, திரையில் மிஞ்சிக் கிடந்த அந்த வெறும் மடலின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2011, ஆகஸ்ட் 24, புதன்கிழமை, பகல் 11:40. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு முகம் மாறியது.

அந்தத் தேதியை அவருக்குத் தெரியாதா என்று கேட்டாள். எங்க வீட்டில் உங்களுக்குப் பொண்ணு குடுக்கிறோம்னு சரி சொன்ன நாள் என்றாள். சிவகிரியிலிருந்து அந்தச் சேதியைக் கொண்டு வந்தது அவளுடைய தாய்மாமன் வெள்ளத்துரை. வெள்ளத்துரைக்கு எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை; விலைப்பட்டியல் காட்டுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டிருந்தார், அன்றைக்குக் காலையில் கோமதிநாயகம் அங்கே உட்கார்ந்துதான் அதை அமைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவருக்கு எல்லாம் திரும்பி வந்தது. கட்டம் வந்தது அந்த மெஷினில்தான், கேள்வி கேட்டது அங்கிருந்துதான், மாமா வந்து சேதி சொன்னதும் ரெண்டு வாக்கியத்தைத் தட்டிவிட்டு ஓடியதும் அங்கிருந்துதான். ஓடினவர் கல்யாணம், கடை என்று ஆகித் திரும்பி எழுதவே இல்லை.

அப்போ இத்தனை வம்புக்கும் நான்தான் காரணமா என்று ஆவுடையம்மாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

வெள்ளத்துரை கடையில் அந்தக் கம்ப்யூட்டர் பதினான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாளோடு இணையத்தைத் துண்டித்தாகிவிட்டது, புதுப் பதிப்பு கிடையாது, மின்சாரம் போனால் நின்று, வந்தால் எழுந்து, முதல் ரகம், இரண்டாம் ரகம், பழம், காய் என்று நல்ல தமிழில் விலை காட்டிக்கொண்டு, எலுமிச்சைப் புழுதியில் மஞ்சளாகிக் கிடந்தது. எந்த எழுத்துரு, என்ன அளவு என்றெல்லாம் எழுதி வைத்திருக்கும் அமைப்புக் கோப்பை மட்டும் பார்க்க வேண்டும் என்று கோமதிநாயகம் கேட்டதும் வெள்ளத்துரை கல்லாவை விட்டு எழுந்து வந்து நடுவில் நின்றுகொண்டார். ஓடுற மெஷினில் கை வைக்காதீங்க, யார் வந்து கேட்டாலும் விடாதீங்கன்னு சொன்னது யாரு, நீதானடே, யார் வந்து கேட்டாலும்னா அதில் நீயும் சேத்திதானே என்றார். ஆவுடையம்மாள்தான் தாய்மாமனிடம் பேச வேண்டிய விதத்தில் பேசினாள்.

கடைசியில் ஒரு உடன்பாடு ஆனது. கோமதிநாயகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரெண்டடி தள்ளி நிற்க வேண்டும், என்ன தட்ட வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும், வெள்ளத்துரை தட்டுவார். வெள்ளத்துரைக்கு இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடம் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஏலத்தில் காய் பொறுக்குகிற மாதிரி கீபோர்டு முழுக்கத் தேடி, இதுவா, இதுவா என்று கேட்டு, ஒரே விரலால் குத்தினார். சுமை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். முக்கால் மணி நேரத்தில் கோப்பு திறந்தது.

எழுத்துரு வரி ஒன்பதாவது வரி. சாரல் என்ற எழுத்துருவின் பெயர் அதில் இருந்தது, எல்லோர் கோப்பிலும் இருக்கிற அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். அப்புறம் ஒரு கமா. அப்புறம் மறுபடியும் சாரல். ஒரே பெயர், ரெண்டு தடவை. கோமதிநாயகம் கிட்டே போய்ப் பார்த்தார், கை பின்னால்தான் இருந்தது. எந்தப் புத்திசாலியும் அப்படி எழுத மாட்டான். இவரும் எழுதவில்லை, தவறி ஒட்டியிருக்கிறார், தவறி ஒட்டியது தெரியாமலே சேமித்திருக்கிறார். எப்படித் தவறியிருக்கும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டார். வெள்ளத்துரைக்கு அது நேற்று நடந்தது போல இருந்தது.

"நான் வாசல்ல நின்னு மாப்ளேன்னு கூப்பிட்டேன். நீ திரும்பலை. உன்னை அப்படி மொத மொத கூப்பிடுதேன், உனக்குத்தான்னு உனக்கே தெரியலை. கிட்ட வந்து முதுகுல ஒண்ணு போட்டு, மாப்ளே உன்னைத்தாம்டேன்னேன். அப்பத்தான் திரும்புனே. உன் கை அப்படியே அந்தப் பலகை மேல பதறிப் போயி அமுங்குச்சு. ரெண்டு தடவை கூப்பிடணும் உன்னை."

ஆவுடையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எலுமிச்சைப் புழுதி என்று சொன்னாள்.

கடைக்கு ஓடி வந்து கோமதிநாயகம் தன் கோப்பைத் திறந்து, ஒன்பதாவது வரியில், சாரல் என்ற பெயருக்குப் பக்கத்தில் கமா போட்டு, மறுபடியும் சாரல் என்று எழுதி, துளியை மறுபடி துவக்கினார். முதல் தடவை கூப்பிட்டால் அந்த எழுத்துருவுக்கும் தன்னைத்தான் என்று தெரியவில்லை போலிருக்கிறது. பட்டையில் மணி, தேதி, கிழமை எல்லாம் தமிழில் வந்து நின்றன. அதே நேரம் புளியங்குடி முழுக்க, மூக்குத்திப் பெட்டி, சூரணப் பெட்டி, மூக்குப்பொடிப் பெட்டி என்று எல்லாவற்றிலும் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எழுத்து வீட்டுக்குப் போய்விட்டது, பெட்டி அப்படியே இருந்தது, வைத்த சாமானும் அப்படியே இருந்தது. வடிவேல் ஆசாரி மட்டும் ஒரு பெட்டியைத் தராசில் போட்டுப் பார்த்து, கொஞ்சம் எடை குறைஞ்சிருக்கு, ஆனா சொல்லிக்கிற மாதிரி இல்லை என்றார். கொக்குவிலில், சேலத்தில், ஒட்டாவாவில் எல்லாம் அதே சத்தம் கேட்டதாகக் குழுவில் எழுதினார்கள், இந்தத் தடவை தமிழிலேயே. மூவாயிரம் மடலும் இருந்த இடத்துக்கு வந்தன. நாச்சியப்பனுடையது ஒரு புள்ளி பிசகாமல் வந்தது.

கோமதிநாயகம் அந்தப் பழைய இழைக்குப் போய், நாச்சியப்பன் மடலுக்குக் கீழே பதில் எழுதினார். ஐயா, எழுத்துருவின் பெயரை அமைப்புக் கோப்பில் இரண்டு முறை எழுத வேண்டும், முதல் முறை அதற்குக் கேட்பதில்லை. எழுதத் தாமதமாகிவிட்டது, அன்றைக்கு எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்த சேதி வந்தது, ஓடிவிட்டேன், மன்னிக்க வேண்டும். இதை எழுதி முடித்து, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பதினான்கு வருஷ இடைவெளியோடு அந்த இழை திரையில் நிற்பதை ஆவுடையம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பூக்காரி இப்போதும் காலையில் கடையைத் தாண்டும்போது, முப்பத்தாறு பாயிண்ட் வருமா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். சுங்கச்சாவடியும் இருக்கிறது, ஆனால் கெடுபிடி குறைந்துவிட்டது. போன மாதம் வேதாரண்யத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருத்தர், பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கேட்டுவிட்டு, அன்று மாலையே சரியாகிவிட்டது, நன்றி என்று எழுதினார். மூன்று பத்தி வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கோமதிநாயகம் எழுதியது இவ்வளவுதான்: மிக்க மகிழ்ச்சி. எப்படி என்று நினைவிருந்தால் எழுதுங்கள். நினைவில்லாவிட்டால், இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று எழுதுங்கள்.

ரெண்டு நாள் கழித்து வேதாரண்யத்துக்காரர் பதில் போட்டார். எப்படிச் சரியானது என்று நினைவில்லை, அன்றைக்கு அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து தானே நடந்து வீட்டுக்கு வந்தார் என்று எழுதியிருந்தார். அது போதும் என்று சொல்லித் தயாளினி அக்கா அந்த இழையைப் பெட்டகத்தில் சேர்த்தார்.